தண்ணீர் காட்டிக்கொடுக்காது!

விழுப்புரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். அந்த ஊருக்குப் பெயர் வந்த கதை தெரியுமோ? அம்பிகை வெண்ணெயால் ஒரு கோட்டை கட்டி, அதற்குள்ளே பஞ்சாக்கினி வளர்த்துத் தவம் செய்தாள் என்கிறது ஸ்தல புராணம். நெருப்பைச் சுற்றி வெண்ணெய்க் கோட்டை! அது உருகாமல் நின்றது அம்பிகையின் மகிமை.

நம் வீட்டு வெண்ணெய்க்கு அந்த மகிமை கிடையாது. ஆனாலும் ஒரு நல்ல குணம் உண்டு. தண்ணீரோடு அது ஒட்டி உறவாடாது. தயிரைக் கடைந்தால் திரண்டு மேலே வந்து, தான் இருப்பதைக் கண்ணுக்குக் காட்டிவிடும்.

உப்பும் சர்க்கரையும் அப்படியல்ல. கரைந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நாக்கு கண்டுபிடித்துவிடும். கண்ணையும் நாக்கையும் ஏமாற்றிவிட்டுத் தண்ணீருக்குள் ஒளிந்துகொள்கிற பொருள்களும் உண்டு. அவற்றில் ஒன்றால் இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் தவிக்கின்றன.

தண்ணீரின் மிகச் சிறிய துகளில் ஒரு பிராணவாயு அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. அதன் ஒரு பக்கம் லேசான எதிர் மின்சாரம். மறு பக்கம் லேசான நேர் மின்சாரம். ஆகவே, பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் கைகோத்து நிற்பதுபோல், துகளுக்குத் துகள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் அப்படிக் கை கோக்கத் தெரியாது. அதனால் ஒதுங்கிவிடுகின்றன. சர்க்கரைக்குத் தெரியும், ஆகவே கரைந்துவிடுகிறது.

சாராயச் சத்தான எத்தனாலுக்கும் இது நன்றாகத் தெரியும். 50 மில்லி தண்ணீரில் 50 மில்லி எத்தனாலைக் கலந்தால் 100 மில்லி வர வேண்டும் அல்லவா? வராது. சுமார் 97 மில்லிதான் இருக்கும்! ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அத்தனை சிநேகம்!

இந்த எத்தனாலுக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் மெத்தனால். நிறம் கிடையாது. மணமும் சாராயத்தைப் போலத்தான். தண்ணீரோடு எந்த அளவிலும் கலந்துவிடும். தொழிற்சாலைகளில் அதற்கு எவ்வளவோ உபயோகம் உண்டு. மனிதர் வயிற்றில் அதற்கு வேலையே இல்லை.

திருவெண்ணெய்நல்லூருக்கு வடகிழக்கே, கடலோரத்தில் மரக்காணம். அதை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023-ம் ஆண்டு மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் விற்றது. அதே சமயத்தில் செங்கல்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பக்கத்திலும் சாவு விழுந்தது. மொத்தம் 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஓராண்டு கழிந்து, 2024 ஜூனில், மேற்கே கள்ளக்குறிச்சியில் கருணாபுரம். அங்கே 60-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. தாயும் தகப்பனும் ஒருசேரப் போய், பிள்ளைகள் அநாதைகளாக நின்ற வீடும் உண்டு.

குடித்த உடனே ஒன்றும் தெரியாது. அதுதான் இந்த விஷத்தின் சூது. உள்ளே போன மெத்தனாலை ஈரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் உடம்பின் அணுக்கள் பிராணவாயுவை உபயோகிக்க முடியாமல் தடுத்துவிடுகிறது. முதலில் அடிபடுவது கண் நரம்பு. இதற்கெல்லாம் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். “நேற்றுக் குடித்தார், தூங்கி எழுந்தார், நன்றாகத்தானே இருந்தார்?” என்று வீட்டார் நினைப்பது இதனால்தான். 30 மில்லி மெத்தனால்கூட ஓர் உயிரைக் கொண்டுபோகக்கூடும்.

மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதிக்கிறது, தண்ணீருக்கு 100 டிகிரி வேண்டும். ஆகவே காய்ச்சினால் விஷம் மட்டும் போய்விடாதா என்று கேட்கலாம். போகாது. கலந்த பிறகு இரண்டும் சேர்ந்தே ஆவியாகின்றன. பாத்திரத்தில் மிச்சமும் நிற்கும். துணியில் வடிகட்டினாலும் பயனில்லை. தண்ணீர் விட்டு நீர்க்க வைத்தால் உருவம் பெருகுமே தவிர, உள்ளே இருக்கும் விஷத்தில் ஒரு சொட்டும் குறையாது.

“எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை, எங்களுக்கு எதற்கு இது?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பாத்திரம் தேய்க்க வருகிறவளின் புருஷனுக்கு நேரலாம். எதிர்வீட்டில் கட்டட வேலை செய்கிறவருக்கு நேரலாம். சாராயம் குடித்தவர் மறுநாள் கண் மங்குகிறது, எதிரே வெள்ளையாய்ப் பனி மூடினாற்போல் இருக்கிறது என்றால், அல்லது வயிற்று வலி, வாந்தி, மேல்மூச்சு என்றால், ‘போதை தெளியட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. மோர், எலுமிச்சம்பழச் சாறு என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்கவும் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். டாக்டரிடம், “சாராயம் குடித்தார்” என்று ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மானம் போய்விடுமே என்று மறைத்தால் உயிர் போய்விடும்.

நேரத்தோடு போனால் வழி இருக்கிறது. ஈரல் அந்த அமிலத்தை உண்டாக்காதபடி தடுக்க ஃபோமிபிசோல் என்ற மருந்து இருக்கிறது. அது இல்லாத இடத்தில் எத்தனாலையே அளந்து கொடுப்பதும் உண்டு. ரத்தத்தில் சேர்ந்ததை டயாலிஸிஸ் செய்து எடுப்பார்கள். இவை ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியவை. வீட்டில் பரீட்சை பார்க்கக் கூடியவை அல்ல.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. பெயிண்டில் கலக்கும் தின்னர், ஸ்பிரிட், கை துடைக்கும் மருந்து இவற்றையெல்லாம் காலியான தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கிறோமே, அந்தப் பழக்கம் இன்றோடு போகட்டும். தாகத்தோடு ஓடி வருகிற குழந்தை பாட்டிலைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பது தண்ணீரா, வேறொன்றா என்று அதற்கு எப்படித் தெரியும்?