புல்மோட்டை கறுப்பு மணல் சொல்லும் மலைக்கதை



மழை பெய்தால் நம்ம மலைக் கான்களில் செம்மண் தண்ணி ஓடுவதைப் பார்க்கிறோம். அது எங்கே போகிறது? ஓடை, ஆறு என்று சேர்ந்து கடைசியில் கடலுக்குத்தான். மலையகத்தில் பிறக்கும் மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது.

திருகோணமலைக்கு வடக்கே சுமார் 54 கிலோமீட்டரில் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுப்பு. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன், கார்னெட் என்ற கனமான தாதுக்கள் அதில் உண்டு. இதை எடுக்க 1957 இல் அரசாங்கக் கூட்டுத்தாபனமே தொடங்கினார்கள். உள்நாட்டுப் பாறைகள் கரைந்து, ஆறுகளும் கடல் நீரோட்டமும் கொண்டுவந்து சேர்த்தவைதான் இவை. அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குமல்லவா? அதேபோல, இலேசான மணலை அலை அள்ளிப்போக, கனமானது கரையிலே தங்கிவிட்டது.

இந்த மணல் ஒரு சாட்சி. கார்னெட் உள்ள நம் மலைநாட்டுப் பாறைகள், சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன் பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கூடிய ஆழத்தில் வெந்தவை. அவை இன்று வெளியே தெரிகின்றன என்றால், மேலே கிடந்த அத்தனை பாறையும் கரைந்து போயிருக்க வேண்டும்.

எப்போது மேலே வந்தன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்பாவல பொஸ்பேட் பசளை நமக்குத் தெரியும். அதிலுள்ள முக்கிய தாது அபடைட். அபடைட்டில் இருக்கும் யுரேனியம் உடையும்போது மெல்லிய கீறல் விழும். ஆழத்துச் சூட்டில் அக்கீறல் அழிந்துவிடும். பாறை மேலே வந்து ஆறிய பிறகே நிலைக்கும். கீறலை எண்ணினால் ஆறிய காலம் தெரியும்.

2015 இல் ஆய்வுக் கப்பலொன்று, நமது கிழக்குக் கரைக்கு நேரே வங்காள விரிகுடாவின் அடியைத் துளைத்து, இமயமலையிலிருந்து வந்த மண்ணை எடுத்தது. மலையின் மேல்தோல் முதலில் கரைந்து கடலடியில் கீழே கிடக்கும். உள்பாறை பிறகு வந்து அதன்மேல் படியும். வெங்காயம் உரித்த தோல் குவியல்போல, மலையின் சரித்திரம் அங்கே தலைகீழாகக் கிடக்கிறது.

மலை கரைவது கோடி வருஷக் கணக்கு. ஆனால் மூடாத மலையின் மேல்மண் ஒரு மாரியிலேயே போய்விடும், போனது திரும்பாது. ஆகவே கான்களைத் துப்புரவாக வைப்போம். கவ்வாத்து வெட்டினால் தடித்த கட்டையை விறகுக்கு எடுத்து, இலையையும் சிறு குச்சியையும் மலையிலேயே விடுவோம். லயத்து மரக்கறிப் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுவோம். அந்த மண்தான் நம்ம கொழுந்து, நம்ம சம்பளம்.