சேவையும் ஒரு பாடம்தான்

"அப்பா, காலேஜ்ல சமூக சேவைன்னு முப்பது மணி நேரம் காட்டணுமாம். யாராவது கையெழுத்துப் போட்டுத் தருவாங்களா?"

நம் வீடுகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. நாமும் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். பரீட்சை நேரத்தில் பிள்ளை அலைய வேண்டாமே என்ற கரிசனம்தான். ஆனால் அந்தக் கையெழுத்தால் பிள்ளை இழப்பது என்ன?

படிப்போடு தொண்டைச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் வழிக் கல்வியை முன்வைத்தார். அவரது நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் முகாம் என்பது அதன் அமைப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட பட்டப்படிப்புக் கட்டமைப்பில் சமூகப் பணிக்கும் கிரெடிட் உண்டு. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்.

என்.எஸ்.எஸ். பாடத்துக்கு வெளியே நடப்பது. 'சேவைவழிக் கற்றல்' பாடத்துக்கு உள்ளேயே நடப்பது. வகுப்பில் படித்ததை மக்களிடம் கொண்டுபோய், அங்கே கண்டதை மறுபடி வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். இந்தத் திரும்பி வருதல் இல்லாவிட்டால் அது வெறும் தர்மகாரியம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மும்பையில் வணிகவியல் ஆசிரியராக இருந்தபோது, மாணவர்களைத் தாராவிக்கு அழைத்துப் போனேன். நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், கிளம்பினோம். நெல்லைப் பக்கத்து அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "போன வருஷம் வந்தவங்களும் இதத்தான் சார் செஞ்சாங்க. நீங்க எதுக்கு வந்தீங்க?" எனக்குப் பதில் வரவில்லை.

மறு வருடம் கொடுப்பதற்கு எதையும் எடுத்துப் போகவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம். "இந்த வட்டிக் கணக்கு சரியான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். 10,000 ரூபாய்க் கடன், மாதம் நூற்றுக்கு 2 வட்டி, பத்துத் தவணை. மாதாமாதம் அசலில் 1,000 அடைத்தாலும் வட்டியை முழுத் தொகைக்கே வாங்கியிருந்தார்கள். மொத்த வட்டி 2,000. குறைந்துவரும் பாக்கிக்குப் போட்டால் 1,100-தான். 900 ரூபாய் கூடுதல்!

புத்தகத்தில் இதே கணக்கைப் போட்டு மார்க் வாங்கியவர்கள்தான் என் மாணவர்கள். அன்று அவர்கள் வாயடைத்துப் போனார்கள். "அப்புறம் ஏன் பேங்க்குக்குப் போகல?" என்ற கேள்வி வகுப்புக்கு வந்தது. அடையாளச் சான்று, ஜாமீன், இழந்துபோகும் ஒருநாள் கூலி என்று மூன்று வாரம் அதையே பேசினோம். தமிழ் எழுதத் தெரியாத, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்தான் எல்லோருக்கும் மொழிபெயர்த்தாள். வீட்டுப் பேச்சுத் தமிழுக்கு இப்படியொரு மதிப்பு உண்டென்று அன்றுதான் அவள் கண்டாள்.

ஆகவே நல்ல பாடத்திட்டத்தில் மூன்று இருக்க வேண்டும். வேலையை மக்களே சொல்ல வேண்டும். அந்த வேலை பாடத்தோடு பொருந்த வேண்டும். திரும்பி வந்து எழுதவும் விவாதிக்கவும் நேரம் ஒதுக்க வேண்டும். நான்காவதாக ஒன்றும் உண்டு: பாதியில் விட்டுவிட்டு வரக்கூடாது. செமஸ்டர் முடிந்துவிட்டது என்று நாம் நிறுத்தினால், நம்பியவர்கள் ஏமாறுவார்கள்.

அடுத்த முறை பிள்ளை கையெழுத்துக் கேட்டால், "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "அங்கே என்ன கத்துக்கிட்டே? அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடலாம்.