துளையிடலும் மரையிடலும்

துளையிடல் என்பது சுழலும் வெட்டுக்கருவியைக் கொண்டு உலோகம் முதலிய திண்மப் பொருட்களில் உருளை வடிவத் துளையை உண்டாக்கும் பொறிவினை ஆகும். அவ்வாறு உண்டான துளையின் உட்சுவரில் திருகாணி பொருந்துவதற்கான புரிகளை வெட்டுவது மரையிடல் எனப்படுகிறது. பட்டறை வழக்கில் இவற்றை முறையே 'ட்ரில் போடுதல்', 'டேப் அடித்தல்' என்பர். எந்தத் துளையும் வரைபடத்தில் குறித்த அளவில் மிகச் சரியாக அமைவதில்லை. ஆகவே துளையிடுவதற்கு முன்பே, அதில் என்ன பொருந்தப் போகிறது, எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்பவற்றை முடிவு செய்ய வேண்டும். துளைப்பானின் தெரிவும், பின்னர் செய்ய வேண்டிய வேலைகளும், அளக்கும் முறையும் இம்முடிவையே சார்ந்தவை.

அளவும் பொறுதியும்

வரைபடத்தில் 25 மி.மீ. என்று குறிக்கப்படுவது பெயரளவு ஆகும். உண்மையான அளவு அதைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். ஏற்கத்தக்க மிகப்பெரிய அளவுக்கும் மிகச்சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாடு பொறுதி எனப்படும். ஐஎஸ்ஓ 286 என்ற பன்னாட்டுத் தரமும், இந்தியாவின் ஐஎஸ் 919 தரமும் பொறுதிகளை ஒழுங்குபடுத்துகின்றன. இவற்றில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து அளவின் எல்லைகளைக் குறிக்கும். துளைக்கு இலத்தீன் பெரிய எழுத்தும், தண்டுக்குச் சிறிய எழுத்தும் பயன்படுகின்றன. எழுத்து, பொறுதிப் பட்டை பெயரளவிலிருந்து எவ்வளவு தள்ளி உள்ளது என்பதைக் காட்டும். எண், அப்பட்டையின் அகலத்தைக் காட்டும். எண் சிறிதானால் பொறுதியும் குறுகும், செலவு கூடும்.

எடுத்துக்காட்டாக, 25 எச்7 என்ற துளை 25.000 மி.மீ. முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம். இதைச் சோதிக்க இருமுனை அளவி ஒன்று பயன்படுகிறது. அதன் 25.000 மி.மீ. முனை துளைக்குள் செல்ல வேண்டும், 25.021 மி.மீ. முனை செல்லக் கூடாது. துளையின் சரியான அளவு என்ன என்று அறியாமலேயே, அது ஏற்கத்தக்கதா என்பதை இவ்வளவி சில நொடிகளில் கூறிவிடும்.

பொருத்த வகைகள்

துளைக்கும் அதனுள் செல்லும் தண்டுக்கும் இடையிலான அளவுத் தொடர்பு பொருத்தம் எனப்படும். இது மூன்று வகைப்படும். துளையை எச்7 என்று நிலையாக வைத்துத் தண்டின் அளவை மட்டும் மாற்றுவதே பெருவழக்கு. துளையின் அளவு துளைப்பான், ரீமர் போன்ற நிலையளவுக் கருவிகளால் அமைவதும், தண்டைக் கடைசல் எந்திரத்தில் வேண்டிய அளவுக்கு எளிதில் கடையலாம் என்பதும் இதற்குக் காரணங்கள். 25 மி.மீ. அளவுக்கான எடுத்துக்காட்டுகள்:

* தளர் பொருத்தம் (எச்7/ஜி6): தண்டு 24.980 முதல் 24.993 மி.மீ. வரை. எப்போதும் 7 முதல் 41 மைக்ரான் இடைவெளி இருக்கும். சறுக்கவோ சுழலவோ வேண்டிய உறுப்புகளுக்கு ஏற்றது.
* இடைநிலைப் பொருத்தம் (எச்7/கே6): தண்டு 25.002 முதல் 25.015 மி.மீ. வரை. 19 மைக்ரான் வரை இடைவெளியோ 15 மைக்ரான் வரை இறுக்கமோ அமையலாம். இடம் மாறாமல் இருக்க வேண்டிய, ஆனால் தேவைப்படும்போது கழற்ற வேண்டிய உறுப்புகளுக்கு ஏற்றது.
* இறுக்கப் பொருத்தம் (எச்7/பி6): தண்டு 25.022 முதல் 25.035 மி.மீ. வரை. தண்டு எப்போதும் துளையைவிட 1 முதல் 35 மைக்ரான் வரை பெரிது. அழுத்தியோ, துளையுள்ள உறுப்பைச் சூடாக்கியோதான் பொருத்த முடியும்.

1 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். தாராளமாகச் சுழலும் தண்டுக்கும், சுத்தியலால் தட்டினாலும் நகராத தண்டுக்கும் இடையிலான வேறுபாடு சில பத்து மைக்ரான்களே என்பதை மேற்கண்ட எண்கள் காட்டுகின்றன.

வெப்பநிலையின் பங்கு

பொறியியல் வரைபடங்களில் குறிக்கப்படும் அளவுகள் யாவும் 20 பாகை செல்சியசு வெப்பநிலைக்கு உரியவை. சென்னையில் குளிரூட்டப்படாத ஒரு பட்டறையில் கோடைப் பகலில் 35 பாகை என்பது இயல்பானது. 15 பாகை உயர்வால் 100 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் துளை ஏறத்தாழ 17 மைக்ரான் விரியும். அதே அளவு அலுமினியத் துளை ஏறத்தாழ 35 மைக்ரான் விரியும். 100 எச்7 துளையின் மொத்தப் பொறுதியே 35 மைக்ரான்தான்.

பட்டறையில் உள்ள எஃகு அளவியும் 35 பாகையில் இருந்தால் அதுவும் 17 மைக்ரான் விரிந்திருக்கும். எனவே பிழையின் ஒரு பகுதி தானே நீங்கிவிடும். எஃகை எஃகு அளவியால் அளக்கும்போது இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். அலுமினியத்தை அளக்கும்போது அவ்வாறு நிகழ்வதில்லை. அளவியில் 100.010 மி.மீ. என்று சரியாகத் தோன்றும் அலுமினியத் துளை, 20 பாகைக்குக் குளிர்ந்தபின் 99.993 மி.மீ. ஆகிவிடும். குளிரூட்டப்பட்ட அறையில் சோதிக்கும்போது அவ்வுறுப்பு தள்ளுபடி ஆகும். வேலை செய்தவர் கவனமாக அளந்தும் இப்பிழை நேர்கிறது. இதனாலேயே நுண்ணளவீட்டு அறைகள் 20 பாகையில் வைக்கப்படுகின்றன. வெட்டி முடித்தவுடன் சூடாக இருக்கும் உறுப்பை அளக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

துளையிடல்

பரவலாகப் பயன்படுவது முறுக்குத் துளைப்பான் ஆகும். இதன் முனைக்கோணம் பொதுவாக 118 பாகை. முனையில் உள்ள இரு வெட்டு விளிம்புகள் உலோகத்தைச் சீவுகின்றன. சுருள் பள்ளங்கள் சீவலை வெளியேற்றுகின்றன. இரு விளிம்புகளுக்கும் நடுவில் உள்ள உளி விளிம்பு சரியாக வெட்டுவதில்லை. உலோகத்தை நசுக்கித் தள்ளுகிறது. எனவே கூர்மையற்ற அப்பகுதி தொடக்கத்தில் வழுக்கி நகரும். இதைத் தவிர்க்க மையக்குத்தியால் முதலில் சிறு குழி இடுவர். பெரிய துளைகளுக்கு முன்னதாகச் சிறு துளை ஒன்று இடுவர்.

சுழல் வேகம் துளைப்பானின் விட்டத்தையும் உலோகத்தையும் பொறுத்தது. வெட்டு வேகத்தை (நிமிடத்துக்கு மீட்டரில்) 1000ஆல் பெருக்கி, விட்டத்துக்கும் (மி.மீ.) 3.14க்கும் உள்ள பெருக்கற்பலனால் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்றுகள் கிடைக்கும். உயர்வேக எஃகுத் துளைப்பானால் மென்னெஃகைத் துளைக்க வெட்டு வேகம் ஏறத்தாழ 25 மீட்டர். ஆகவே 10 மி.மீ. துளைப்பானுக்கு ஏறத்தாழ 800 சுற்றுகளும், 5 மி.மீ. துளைப்பானுக்கு ஏறத்தாழ 1600 சுற்றுகளும் தேவை. எஃகுக்கு வெட்டு எண்ணெய் இடப்படுகிறது. வார்ப்பிரும்பு பொதுவாக உலர்வாகவே துளைக்கப்படுகிறது.

துளைப்பான் தன் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய துளையையே இடும். இரு வெட்டு விளிம்புகளும் சமநீளமாகத் தீட்டப்படாவிட்டால் துளை மேலும் பெரிதாகும். ஆகவே 10 மி.மீ. துளைப்பானைக் கொண்டு 10 எச்7 துளையைப் பெற முடியாது. அதற்குச் சற்றுச் சிறிய துளையிட்டு, எஞ்சிய 0.2 முதல் 0.3 மி.மீ. அளவை ரீமர் எனப்படும் பல விளிம்புக் கருவியால் சீவ வேண்டும். ரீமரைப் பின்னோக்கிச் சுழற்றக் கூடாது. சுழற்றினால் வெட்டு விளிம்புகள் மழுங்கும், துளையின் சுவரும் கீறப்படும்.

மரையிடல்

மரையிடுவதற்கு முன் இடப்படும் துளையின் அளவே மரையின் தரத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. மெட்ரிக் மரைகளுக்கு எளிய விதி ஒன்று உண்டு: திருகாணியின் விட்டத்திலிருந்து புரியிடைத் தூரத்தைக் கழித்தால் துளையின் விட்டம் கிடைக்கும்.

* எம்3 × 0.5: 2.5 மி.மீ.
* எம்4 × 0.7: 3.3 மி.மீ.
* எம்5 × 0.8: 4.2 மி.மீ.
* எம்6 × 1: 5.0 மி.மீ.
* எம்8 × 1.25: 6.8 மி.மீ.
* எம்10 × 1.5: 8.5 மி.மீ.
* எம்12 × 1.75: 10.2 மி.மீ.

இவ்விதிப்படி இடும் துளையில் முழுப் புரி உயரத்தில் ஏறத்தாழ 77 விழுக்காடு உருவாகும். எம்6 மரைக்கு 5.5 மி.மீ. துளையிட்டால் 38 விழுக்காடே உருவாகும். திருகாணியை இறுக்கும்போது மரை கழன்றுவிடும். மாறாக 4.8 மி.மீ. துளையிட்டால் 92 விழுக்காடு உருவாகும். ஆயினும் மரையின் வலிமை சிறிதளவே கூடும், டேப்பைச் சுழற்றத் தேவையான விசையோ மிகுதியாகக் கூடும். டேப் கடினமானது, ஆனால் எளிதில் முறியக்கூடியது. துளைக்குள் முறிந்த டேப்பைச் சாதாரணத் துளைப்பானால் எடுக்க முடியாது. மின்பொறி அரிப்பு முறை போன்றவற்றை நாட வேண்டும். இல்லையேல் பல மணி நேரம் வேலை செய்த உறுப்பு வீணாகும்.

கை டேப்புகள் பெரும்பாலும் மூன்று கொண்ட தொகுதியாகக் கிடைக்கின்றன. முதல் டேப்பின் முனை நன்கு சரிந்திருக்கும். துளைக்குள் நேராக இறங்க உதவும். இரண்டாவதில் சரிவு குறைவு. மூன்றாவது, அடிமூடிய துளையின் அடிவரை மரை வெட்டும். ஒரு சுற்று முன்னோக்கிச் சுழற்றியபின் அரைச் சுற்று பின்னோக்கிச் சுழற்றினால் சீவல் ஒடிந்து விழும். அடிமூடிய துளையைத் தேவையான மரை ஆழத்தைவிடக் கூடுதலாகத் துளைத்து, சீவலுக்கு இடம் விட வேண்டும். எஃகில் மரையின் ஆழம் திருகாணியின் விட்டத்துக்குச் சமமாகவும், அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்காகவும் இருப்பது வழக்கம்.

அங்குல மரைகள்

இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. எனினும் பழைய பிரித்தானிய வடிவமைப்பு எந்திரங்களில் அங்குல மரைகள் இன்றும் காணப்படுகின்றன. 3/8 அங்குல விட்வொர்த் மரையின் விட்டம் 9.525 மி.மீ., புரியிடைத் தூரம் 1.5875 மி.மீ. ஆகும். இது எம்10 × 1.5 மரைக்கு நெருக்கமாகத் தோன்றினாலும் ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. வலிந்து இறுக்கினால் மரை கெடும். ஐயம் இருப்பின் புரி அளவியால் சரிபார்ப்பது நல்லது.

சென்னையில்

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டி பொறியியல் கல்லூரியும், 1959இல் மேற்கு செருமனியின் உதவியுடன் அடையாறு, கிண்டி பகுதியில் அமைந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பட்டறைப் பயிற்சி அளித்து வருகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களின் பொருத்துநர் பாடத்தில் துளையிடல், சீர்துளையிடல், மரையிடல், பொருத்தங்கள் ஆகியன அடிப்படைப் பாடங்கள் ஆகும். 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை, நாட்டின் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளுள் ஒன்று. சிறு பட்டறைகள் வெவ்வேறு இடங்களில் செய்யும் உறுப்புகள் பெரிய தொழிற்சாலையின் எந்திரத்தில் அராவாமல் பொருந்துவது பொதுவான பொறுதித் தரங்களால்தான் இயல்கிறது. 1873இல் தொடங்கிய சென்னை நிறுவனமான அடிசன், உயர்வேக எஃகு வெட்டுக்கருவிகளைச் செய்கிறது.

பாதுகாப்பு

* துளையிடும் உறுப்பைக் கையால் பிடிக்காமல் பிடிகருவியில் இறுக்க வேண்டும். துளைப்பான் மறுபக்கம் வெளிவரும்போது உறுப்பைப் பற்றிச் சுழற்றும் வாய்ப்பு மிகுதி.
* கையுறை, தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா, கட்டாத கூந்தல் ஆகியவை சுழலும் பகுதியில் சிக்கக்கூடும்.
* கண்ணாடி அணிய வேண்டும். சீவலைத் தூரிகையால் அகற்ற வேண்டும். கையாலோ வாயால் ஊதியோ அகற்றக் கூடாது.
* துளையின் விளிம்பில் உள்ள பிசிறை நீக்கியபின்னரே அளக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* கடைசல் எந்திரம்
* திருகு அளவி
* வெர்னியர் அளவி
* திருகாணி
* வெப்ப விரிவு