முதுகுவலியும் ஓர் ஆசானும்

முதுகுவலி கண்டவரை அசையாமல் படுத்திருக்கச் சொல்வது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். வலிக்கும் உறுப்புக்கு ஓய்வு வேண்டும் என்பது இயல்பான எண்ணமே. ஆயினும், எத்திசையில் அசைந்தால் வலி தணிகிறது என்பதை நோயாளியின் உடலிடமே கேட்டறிய வேண்டும் என்றார் ஒருவர். அவர் நியூசிலாந்து நாட்டு இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி.

1931-ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1952-இல் தம் கல்வியை முடித்து, மறு ஆண்டே வெலிங்டன் நகரில் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1956-இல் அங்கே ஒரு நோயாளி வந்துகொண்டிருந்தார். இடுப்பிலிருந்து காலுக்குப் பரவிய வலி மூன்று வாரச் சிகிச்சைக்கும் தணியவில்லை. ஒருநாள் அவரை உள்ளே சென்று குப்புறப் படுத்திருக்குமாறு மெக்கன்சி கூறினார். முன்பு வந்தவருக்காகக் கட்டிலின் தலைப்புறம் உயர்த்தப்பட்டிருந்ததை அவர் அறியவில்லை. சில நிமிடங்கள் கழித்து வந்தவர் திடுக்கிட்டார். நோயாளியின் முதுகு பின்னோக்கி வளைந்திருந்தது. அந்நிலை தீங்கானது என்பது அந்நாளைய கொள்கை. அவரோ, மூன்று வாரங்களில் இத்துணைச் சுகம் கண்டதில்லை என்றார்! கால்வலி நீங்கி, இடுப்பின் நடுவில் மட்டுமே வலி எஞ்சியிருந்தது.

இதனைத் தற்செயல் என்று மெக்கன்சி தள்ளிவிடவில்லை. ஒரே அசைவைப் பன்முறை செய்யச் சொல்லி, வலி எங்கே செல்கிறது என்று பலரிடத்தும் பொறுமையாகக் கவனித்தார். காலில் பரவிய வலி முதுகின் நடுவை நோக்கிச் சுருங்கினால் அது நற்குறி. மேலும் கீழே இறங்கினால் அவ்வசைவை நிறுத்திவிட வேண்டும். பலருக்குப் பின்வளைவு உதவும். சிலருக்கு முன்வளைவே ஏற்றது. ஆகவே அனைவருக்கும் ஒரே பயிற்சி என்பது அவர் முறையன்று.

நேயர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். விழுந்து அடிபட்டிருந்தாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுக்கடங்காமற் போனாலோ பயிற்சியை நாடலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்கள் தமக்குரிய அசைவைத் தக்க மருத்துவரிடம் கற்று, பின்னர் இல்லத்திலேயே செய்துகொள்ள வேண்டும் என்பது மெக்கன்சியின் குறிக்கோள். பொதுமக்கள் தம் முதுகைத் தாமே பேணுவதற்கென்று 1980-இல் ஒரு நூலும் வெளியிட்டார். 2013-இல் அவர் மறைந்தார். நோயாளி தம்மையே நாடி நாள்தோறும் வரவேண்டும் என்று கருதாமல், தம் உதவியின்றி அவர் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று கருதியவர் அவர். நல்லாசிரியர் தம் மாணவரிடம் விரும்புவதும் அதுவே அன்றோ?