மூன்று பைகளும் இரண்டு கைகளும்

திண்டுக்கல் மலைக்கோட்டையடித் தெருக்களில், திண்ணையில் அமர்ந்து சொட்டாங்கல் ஆடும் சிறுமிகளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு, ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் தரையில் கிடப்பவற்றை வாரி, வருகிற கல்லையும் அதே கையில் ஏந்திக்கொள்ளும் அந்த லாகவத்திலேயே, சர்க்கஸ் கூடாரத்தில் நாம் வியந்து காணும் பந்து வித்தையின் பாலபாடம் அடங்கியிருப்பது விளங்கும். காய்களை வீசிப் பிடிக்கும் ஆட்டத்துக்கு அம்மானை என்று பெயரிட்டு, அதற்கெனப் பாட்டும் கட்டியவர்கள் நம் முன்னோர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி உண்டு. மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளிய திருவம்மானையின் 20 பாடல்களும் ஆடும் பெண்கள் பாடுவனவாகவே அமைந்தவை.

இங்கிலாந்து மேடைகளில் ‘ராமோ சாமி’ என்று விளம்பரப்படுத்தப்பட்டு, 1850-இல் லண்டனில் வறுமையில் காலமான வித்தைக்காரர், பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நமக்கு ராமசாமியாகவே தோன்றுகிறார். ஓர் இந்தியர் நான்கு பித்தளைப் பந்துகளை ஆடக் கண்டு, தம் எழுத்தில் அத்தகைய பூரணத்துவம் கைகூடவில்லையே என்று ஹாஸ்லிட் என்னும் ஆங்கிலக் கட்டுரையாசிரியர் 1821-இல் வெட்கத்தோடு எழுதினார். அந்த இந்தியர் இவரே என்று கருதப்படுகிறது. நான்கு இருக்கட்டும், மூன்றை ஆடுவது பிரயாசை எடுப்போர் எவருக்கும் சாத்தியம்.

இதற்குப் பந்து உகந்ததன்று. ரப்பர் பந்து தவறினால் சாக்கடை வரை ஓடும். சிறுமலை எலுமிச்சம்பழமோ இரண்டாம் நாளே கன்றிவிடும். பழைய சேலைத் துணியில் உள்ளங்கைக்கு அடங்கும் மூன்று பைகளைத் தைத்து, நம் மானாவாரி நிலத்துச் சோளத்தைச் சற்றுத் தளர்வாக நிரப்பினால், விழுந்த இடத்திலேயே கிடக்கும். கட்டிலை ஒட்டி நின்று பழகினால் குனியும் சிரமமும் குறையும்.

முதலில் ஒரே பை. முழங்கைகளை விலாவருகே மடித்து நின்று, அது கண்மட்டத்துக்கு எழும்பி எதிர்க்கையில் தானே வந்து அமரும்படி வீச வேண்டும். வீச்சு ஒழுங்காயிருந்தால் பிடிப்பதைப் பற்றிக் கவலையில்லை. இரண்டடி உயரம் எறிந்த பொருள் ஏறி இறங்க ஏறக்குறைய 0.7 விநாடி ஆகிறது. பதறுகிறவருக்கு அற்பமாகத் தோன்றும் இந்த அவகாசமே, பழகிய கைக்கு இன்னொரு பையை அனுப்பப் போதுமானது.

இரண்டாவது பையை எடுத்ததும்தான் சோதனை தொடங்குகிறது. முதற்பை உச்சியைத் தொட்டுத் திரும்பும் கணத்தில், இடக்கையிலுள்ளது அதன் உட்புறமாக அதே உயரத்துக்கு எழ வேண்டும். பயந்த கையோ அதை மேலே எறியாமல், வலக்கைக்குக் குறுக்கே மெள்ளத் தள்ளிவிடுகிறது. என் இடக்கை இப்படித் தள்ளிக்கொண்டிருந்ததை நான் உணர்வதற்கே பல நாட்கள் ஆயின. கையைப் பாராமல் உச்சியை மட்டும் பார்த்து, “வீசு, வீசு, பிடி, பிடி” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு பழகியபோதுதான் அது திருந்தியது. அம்மானைக்குப் பாட்டுக் கட்டியவர்கள் தாளத்தின் உபகாரத்தை அறிந்தே கட்டியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

மூன்றாவது பைக்குப் புதிய விதி ஏதுமில்லை. இரண்டு பைகளை ஏந்திய கையிலிருந்து தொடங்கி, முன்சென்றது உச்சியை அடையுந்தோறும் எதிர்க்கை அடுத்ததை அனுப்ப, அந்தரத்தில் 8 என்னும் எண்ணைப் படுக்கவைத்தாற்போன்ற கோலம் உருவாகிறது. ஆர்வ மிகுதியால் முதல் நாளே ஓயாமல் ஆட முற்பட வேண்டாம். மூன்றே முறை வீசி, மூன்றையும் பிடித்து, அசையாமல் நின்று, மறுபடி தொடங்குங்கள். அது நிலைத்தபின் நான்கு, பிறகு ஐந்து. இடக்கையில் இரண்டை ஏந்தியும் தொடங்கிப் பாருங்கள்.