டோப்ருக் முற்றுகை: இரு நினைவுச் சின்னங்களுக்கு இடையே மறைந்தவர்கள்

புது தில்லி: இந்தியா கேட் சுவர்களில் முதல் உலகப் போரிலும் 3-வது ஆப்கன் போரிலும் உயிர்நீத்தவர்களின் பெயர்கள் உள்ளன. அருகே 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பிந்தைய வீரர்களின் பெயர்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் மடிந்த இந்தியர்களுக்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

அவர்களில் லிபியாவின் பாலைவனத் துறைமுகமான டோப்ருக்கில் போரிட்டவர்களும் அடங்குவர். 1941 ஏப்ரலில் ஜெர்மானியத் தளபதி ரோமலின் படைகள் அத்துறைமுகத்தைச் சூழ்ந்தன. தொடக்கத்தில் ஆஸ்திரேலியத் தளபதி மோர்ஸ்ஹெட் தலைமையில் இருந்த அது, சுமார் 8 மாதங்கள் தாக்குப்பிடித்தது. குடிநீருக்கும் பஞ்சம், உணவும் வெடிமருந்தும் இரவில் கப்பல்களில்தான் வந்து சேர்ந்தன. இந்திய ராணுவத்தின் 18-வது குதிரைப்படையினர் அங்கு காலாட்படையினராக அரண் காத்தனர். அதற்குச் சில நாள்களுக்கு முன், ஏப்ரல் 8-ல், மெக்கிலியில் அவர்களது படைப்பிரிவின் பெரும்பகுதி சிறைபிடிக்கப்பட்டிருந்தது.

இந்தியர்களின் சம்மதமின்றியே 1939-ல் இந்தியாவைப் போரில் இணைத்தார் வைஸ்ராய் லின்லித்கோ. அதைக் கண்டித்து காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. டோப்ருக்கில் இந்திய வீரர்கள் அரண் காத்த வேளையில், தனிநபர் சத்தியாகிரகிகள் சிறை சென்றுகொண்டிருந்தனர். அதே ஏப்ரலில்தான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெர்லின் சென்றடைந்தார். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க் கைதிகளைக் கொண்டே அங்கு சுதந்திர இந்தியப் படையணியை அவர் உருவாக்கினார். ஒரே பாலைவனம் இந்தியச் சிப்பாய்களை இருவேறு சீருடைகளில் நிறுத்தியது.

1941 இறுதியில் முற்றுகை விலகியது. ஆனால், 1942 ஜூன் 21-ல் டோப்ருக் வீழ்ந்தது. சுமார் 33,000 பேர் சரணடைந்தனர். மராட்டா, கூர்க்கா வீரர்களைக் கொண்டிருந்த 11-வது இந்திய காலாட்படைப் பிரிகேடும் அதில் அடங்கும். ஏழு வாரங்களில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் பம்பாயில் நிறைவேறியது.

வட ஆப்பிரிக்கப் போரில் இறந்து எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கு எகிப்தின் எல் அலமைனில் நினைவுச் சின்னம் உள்ளது. தில்லியிலோ, இந்தியா கேட் அருகே ஐந்தாம் ஜார்ஜ் சிலை இருந்த மண்டபத்தில் 2022 முதல் நேதாஜி சிலை நிற்கிறது. அது தேசம் செலுத்திய நியாயமான மரியாதை.

எனினும், யாருக்காகப் போரிடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அன்று சிப்பாய்க்கு இல்லை. ஏகாதிபத்தியத்தை நிராகரிப்பதும், அதன் படையில் மடிந்த இந்தியரை மறப்பதும் ஒன்றல்ல. 18-வது குதிரைப்படை இன்றும் நமது ராணுவத்தில் உள்ளது. அதன் வரலாற்றை ஏற்கும் தேசம், அந்த வரலாற்றைப் படைத்தவர்களின் பெயர்களையும் ஏற்பதே முறை.