உங்களுக்குத் தெரியுமா? – பேக்பைப் பிள்ளைகள்

★ ஸ்காட்லாந்தில் ஒரு பிள்ளை பேக்பைப் வகுப்பில் சேர்ந்தால், முதல் நாளே வீடு அதிரும் என்று பயப்பட வேண்டியதில்லை. காற்றுப் பையே கொடுக்க மாட்டார்கள்! 'பிராக்டிஸ் சான்ட்டர்' என்ற மெல்லிய குழல் ஒன்றுதான். சத்தமும் கம்மி, விலையும் கம்மி. விரல் படியும்வரை, பெரும்பாலும் ஒரு வருடம்போல, அதோடுதான் குடித்தனம்.

★ பேக்பைப்பில் மொத்தமே 9 சுரங்கள். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பையிலிருந்து காற்று ஓயாமல் வருவதால் நடுவில் நிறுத்தவும் முடியாது. அப்புறம் ஒரே சுரத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை எப்படி வாசிப்பது? இடையே கண்ணிமைக்கும் நேரம் வேறொரு சுரத்தைத் தொட்டு வெட்டுவார்கள். பெயர், கிரேஸ் நோட். இந்த வெட்டுகளைப் பழகுவதில்தான் மாதக்கணக்கு போய்விடும். அதிலும் 'பர்ல்' பொல்லாதது. அடித்துளையை வலது சுண்டுவிரலால் மின்னல் வேகத்தில் இரண்டு முறை மூடித் திறக்க வேண்டும். சோற்றுத் தட்டு ஓரத்தில், பஸ் சீட்டில், கணக்குப் புத்தகத்தின் மேல் எல்லாம் ஒரு சுண்டுவிரல் துடித்துக்கொண்டே இருக்கிறதா? பிள்ளை தேறிவிட்டது! கில்ட் பாவாடை கட்டி போட்டோ எடுப்பதெல்லாம் பிறகு. அம்மா அப்பா பெருமைப்பட இந்தச் சுண்டுவிரலே போதும்.

★ ஸ்காட்லாந்து அரசுப் பள்ளிகளில் வாத்திய வகுப்புகளுக்கான கட்டணம் 2021-இல் ரத்தாகிவிட்டது.

★ நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதத் தனி ஆள் உண்டு. பேக்பைப்பிலோ மூன்று ஒத்துக்குழல்களும் வாசிப்பவர் தோளிலேயே சாய்ந்திருக்கும். வாயால் ஊதி, கையிடுக்கில் பையை ஒரே சீராக அமுக்கி, மூன்றையும் சுருதி பிசகாமல் காக்க வேண்டும். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் வாங்கும்போது வாசிக்கிற பிள்ளைக்கும் ஒன்று வாங்குங்கள்.

★ தினமும் பேக்பைப் வாசித்துவந்த 61 வயது பிரிட்டிஷ்காரர் ஒருவருக்குத் தீராத மூச்சுத்திணறல். வாத்தியத்தை வீட்டில் விட்டுவிட்டு 3 மாதம் ஆஸ்திரேலியா போனார்; அங்கே சுகமாக இருந்தார். திரும்பி வந்ததும் மறுபடி தொல்லை. சோதித்தால், பைக்குள்ளும் குழலுக்குள்ளும் பூஞ்சை! அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 2016-இல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் வெளியான விவரம் இது. "வாசித்து முடித்ததும் துடைத்துக் காயவை" என்று பிள்ளையை நச்சரிப்பதில் தப்பே இல்லை.

★ 2014 ஆகஸ்டில், கனடாவில் போட்டி முடித்துக் காரில் அமெரிக்கா திரும்பிய 17 வயதுப் பையன்கள் இருவரின் பேக்பைப்களை எல்லை அதிகாரிகள் பிடுங்கிவைத்துக்கொண்டார்கள். காரணம், அவற்றில் பதித்திருந்த பழைய யானைத் தந்தம். உரிய சான்றிதழ் கையில் இருந்தது. ஆனால் தந்தப் பொருளை அந்தச் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவர அனுமதி இல்லையாம்! கிளாஸ்கோவில் நடக்கும் உலகப் போட்டிக்கு விமானம் ஏற இரண்டொரு நாளே பாக்கி. நல்லவேளை, அதற்குள் திரும்பக் கிடைத்தன. இப்போது செய்பவற்றில் பெரும்பாலும் போலித் தந்தம்தான். தாத்தா காலத்து வாத்தியத்தைப் பேரனிடம் கொடுத்து வெளிநாடு அனுப்புகிறவர்கள் மட்டும், சான்றிதழோடு எந்த வழியாகப் போகிறான் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.